இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே

நம் பள்ளி விழாவில் கான்செர்டோ வாசிக்கும்போது முதல் பாகம் முடிந்த உடனே கூட்டம் கை தட்டும். தட்டட்டும், விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு பாகம் இருக்கிறது, நடுவில் தட்டக் கூடாது என்று மைக்கில் சொல்லச் சொல்லித் தலைமையாசிரியர் ஆள் அனுப்புவார். ஆரம்பத்தில் நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பெரிய அரங்குகளில் அதுதான் முறை என்று படித்திருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை, எனக்குப் பிறகு இங்கே வயலின் சொல்லிக் கொடுக்க வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகத்தான் இதை எழுதுகிறேன்.

வேலையை விட்டுப் போகிறவன் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. தாலுகா ஆபீசில் உத்தியோகம் வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கரும்பு வெட்டி என்னைப் படிக்க வைத்தார். அரசாங்க உத்தரவு வந்த அன்று அவர் வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகு, எனக்கு வயலின்தான் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே ஓய்வு பெறுகிற ஆள் பேச வேண்டியதை நான் முன்கூட்டியே பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கென்று எழுதிய கான்செர்டோவை வாசிக்க வைப்பதைவிடக் கேட்பதுதான் கடினம். ஒரு தனி வயலின், அதைச் சுற்றி ஒரு குழு. வேகமாக ஒரு பாகம், நிதானமாக ஒன்று, மறுபடி வேகமாக ஒன்று. பிள்ளையின் விரல் எட்டுகிற இடத்துக்குள்ளேயே தனி வயலினின் வேலையை முடித்துவிடுவார்கள். அந்தச் சின்ன ஒலி அமுங்கிவிடாதபடி அது வாசிக்கும் இடமெல்லாம் குழு ஒதுங்கி நிற்கும். இரண்டு சுரம் போட்டுவிட்டு மறுபடி காத்திருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளை கதை சொல்லும்போது பெரியவர்கள் உம் கொட்டுவார்களே, அது போல. விசேஷம் என்னவென்றால் இங்கே உம் கொட்டுகிறவர்களும் பிள்ளைகள்தான். தனக்கும் வாசிக்கத் தெரிந்த ஒன்றை இன்னொரு பிள்ளைக்காக விட்டுவிட்டு வில்லை மடியில் வைத்துக் காத்திருப்பது அந்த வயதில் லேசான காரியம் இல்லை. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் ஒருவர் ஒருமுறை என் காதருகே குனிந்து, "எல்லாரும் ஒரே நேரத்துல வாசிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே மாஸ்டர்?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் நிற்கும் பிள்ளையை மட்டும் பார்த்தார். நீங்கள் பின்வரிசையையும் பாருங்கள்.

இன்னொன்று. நம்மிடம் எத்தனை வயலின் இருந்தாலும் ஒன்றுதான் பாடும். மற்றவை இருமும். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் விட்டுப் போன அந்த ஒரு வயலினில்தான் தனியாக வாசிக்கும் பிள்ளை வாசிக்கும். பாகத்துக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுப்பதால் வயலின் மேடையிலேயே கை மாறும். நம் ஊர் வெயிலுக்குத் தாடை வைக்கும் கட்டை முழுக்க வேர்வையாகிவிடும். அதனால் வாசித்து முடித்த பிள்ளை அந்தக் கட்டையைத் தன் சட்டையாலோ தாவணியாலோ துடைத்து, பிறகுதான் அடுத்த பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் வேலைக்கு வரும்போதே இருந்த பழக்கம்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்துச் சாலைகளில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் செய்த வருஷங்களில் நீங்கள் பள்ளிப் பிள்ளைகளாக இருந்திருப்பீர்கள். நான் வேலைக்குப் புதுசு. அந்த வருஷம் தனியாக வாசிக்கத் தகுந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எஸ்தர். கருணாபுரம் காலனியில் வீடு, அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். முதல் இரண்டு பாகமும் அவளுடையது. அதிலும் நிதானமான இரண்டாம் பாகத்தை அவள் வாசித்தால் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிடும். இன்னொருவன் குணா. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு கிராமம், சொந்தமாகக் கொஞ்சம் கரும்பு நிலம். விரல் ஓடுகிற ஓட்டத்துக்கு மூன்றாம் பாகம் அவனுக்கென்றே எழுதியது போல இருக்கும்.

ஒருநாள் குணாவை அழைத்துப் போக வந்த அவன் அப்பா ஜன்னலுக்கு வெளியே நின்று ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் தாவணி முனையால் கட்டையைத் துடைத்து நீட்டினாள், குணா வாங்கித் தாடையை வைத்தான். அவ்வளவுதான். மறுநாள் குணா ஒரு வெள்ளைத் துணியோடு வந்தான். ஓரம் தைத்து, இஸ்திரி போட்டது.

"இன்னாடா இது?" என்று கேட்டேன்.

"அப்பா குடுத்தாரு சார். மேல போட்டுகினு வாசிக்கணுமாம். கயுத்துல அரிப்பு வருமாம்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். வயலின் வாசிக்கிறவர்கள் தாடைக்கடியில் துணி போட்டுக்கொள்வது எங்கும் இருப்பதுதான். அதையே சொல்லி, போட்டுக்கொள் என்றேன். அன்று இரண்டாம் பாகம் முடிந்ததும் எஸ்தர் துடைக்காமலேயே வயலினை நீட்டினாள்.

"துடைக்கலையாம்மா?"

"அதான் துணி இருக்குதே சார்."

பிள்ளைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தலைமையாசிரியருக்கும் தெரிந்துவிட்டது. "அவன மொதல்ல வாசிக்க வுட்டு, அந்தப் பொண்ண கடேசியில வுட்டா தீர்ந்துச்சு. இதுக்குப் போயி மூஞ்ச தூக்கி வச்சிகினு இருக்கீங்களே மாஸ்டர்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் அடிதடி இல்லாமல் நடக்க வேண்டும் அவருக்கு. அவரவர் பாகத்தை அவரவர்தான் வாசிக்க வேண்டும் சார் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருந்தேன்.

எஸ்தருக்குக் குழுவில் அது கடைசி வருஷம். பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஒத்திகைக்கு மட்டும் வருவாள். அவள் அப்பா சின்னசேலத்தில் ஒரு ஜவ்வரிசி மில் மேஸ்திரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து பெண்ணை அனுப்புகிறேன் என்று. இதற்கிடையில் மலைமேல் கரியாலூரில் ஒரு ஹாஸ்டலை நடத்திவந்த சிஸ்டர், பிள்ளைகளுக்குப் பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுக்க உதவிக்கு ஒரு பெண் வேண்டும் என்று சொல்லியிருந்தார். தங்க இடம், சாப்பாடு, தபாலில் மேலே படிக்கவும் வழி. நாங்கள் வருஷாவருஷம் அங்கே போய் வாசிப்போம். இந்த முறை எஸ்தர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் சிஸ்டர். சனிக்கிழமை கச்சேரி. ஒன்று ஹாஸ்டல், இல்லாவிட்டால் மில்.

அந்த வாரம் மலைப் பக்கம் மரம் எதுவும் விழவில்லை என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கச்சிராயபாளையம் வருவதற்கு முன்பே சாலை நடுவே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதன்மேலும் அதைச் சுற்றியும் ஆட்கள்.

"இன்னா சார், பொட்டி பொட்டியா எட்த்துகினு எங்க ஊர்வலம்?"

"கரியாலூருக்குங்க. ஹாஸ்டல்ல கச்சேரி."

"ஊரே ரோட்ல குந்திகினு கீது. இவுங்களுக்குக் கச்சேரி கேக்குது பாரு!"

பின்னாலிருந்து ஒருவர், "வுட்றா, புள்ளைங்க. நமக்கும் ஒரு பாட்டு எட்த்து வுடச் சொல்லு, கேட்டுட்டு அனுப்பலாம்" என்றார். சிரிப்பு எழுந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குணாவின் அப்பா வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

"சார், உங்களுக்கு எந்த ஊருன்னு சொன்னீங்க?"

சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிதாங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வேனுக்குள் பார்த்து, "எறங்குடா" என்றார்.

"அப்பா, கடேசி பாகம் என்னுதுப்பா. நான் இல்லன்னா முடியாதுப்பா."

"எறங்குன்னேன்."

குணா இறங்கினான். அவன் அப்பா யாரிடம் என்றில்லாமல் பொதுவாகப் பேசினார். "மூத்தவன் எம்மா நல்லா படிச்சான். மார்க்கு இருந்துச்சு. சீட்டு இல்லன்னு அனுப்பிட்டானுங்க. இப்ப ஏர் ஓட்டிகினு கீறான். இவனுக்காச்சும் கெடைக்கணும்னுதான் நான் வேலை வெட்டிய வுட்டுட்டு இங்க குந்திகினு கீறேன். இவன் பிடில் பொட்டிய தூக்கிகினு மலையேறப் போறான்." சொல்லிக்கொண்டே வந்தவர் கண் எஸ்தர்மேல் நின்றது. நல்ல வயலின் அவள் மடியில் இருந்தது. "நம்ம புள்ளைங்க எடத்தையெல்லாம் எவனோ எவளோ புடிச்சிகினு போவ வேண்டியது. நாம பார்த்துகினே இருக்க வேண்டியது."

அவர் மூத்த மகனைப் பற்றிச் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு அந்தப் பையனையும் தெரியும். சீட்டு இல்லை என்று திரும்பி வருவது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லத்தான் அந்த இடத்தில் வழி இல்லாமல் போயிற்று.

பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் சிலரும் பயந்து இறங்கிவிட்டார்கள். அவர்களை வீட்டில் சேர்ப்பதாக அங்கிருந்தவர்களே பொறுப்பேற்றுக்கொண்டார்கள். வேன் போகாது, மற்றவர்கள் நடந்து போகட்டும் என்றார்கள். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். திரும்பினால் திங்கட்கிழமை எஸ்தர் எங்கே போவாள் என்பது எனக்குத் தெரியும். மரத்தைத் தாண்டினோம். பெரிய பிள்ளைகள் கிளைமேல் ஏறி நின்று பெட்டிகளைக் கைக்குக் கை வாங்கி இறக்கினார்கள். குணா அவன் அப்பா பிடிக்குள் நின்றபடியே கத்தினான்: "கடேசி பாகத்துல ஓட்டாதீங்கடா! நிதானமா புடிங்க!"

அந்தப் பக்கம் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரி ஒன்று வழியில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து கரியாலூர் போய்ச் சேர்ந்தோம்.

ஹாஸ்டல் கூடத்தில் பிள்ளைகள் வழக்கம்போல நாற்காலி போட்டார்கள். வழக்கம்போல என்றால் குணாவுக்கும் சேர்த்து. எடுத்துவிடு என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை. குழுவில் பாதிப் பேர்தான் மிச்சம். முதல் பாகம் நன்றாகப் போயிற்று. மலைப் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் திரும்பி, தட்டக் கூடாது என்று விரலை ஆட்டினேன். இரண்டாம் பாகத்தை எஸ்தர் வாசித்ததைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. முன்வரிசையில் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் பாகத்தையும் எஸ்தரே வாசித்துவிடுவாள் என்று நான் வழியிலேயே முடிவு செய்திருந்தேன். அவளுக்கு அது மனப்பாடம். இரண்டாம் பாகம் முடிந்ததும் தொடர்ந்து வாசி என்று கண்ணைக் காட்டினேன். அவள் தாவணி முனையை எடுத்துத் தாடைக் கட்டையைத் துடைத்தாள். துணி வந்த நாளிலிருந்து நிறுத்தியிருந்த பழக்கம். அழுத்தி, நன்றாகத் துடைத்தாள். பெட்டியில் கிடந்த குணாவின் வெள்ளைத் துணியை எடுத்து அவன் நாற்காலியில் விரித்து, அதன்மேல் வயலினை வைத்தாள். பிறகு பின்வரிசைக்குப் போய் அங்கிருந்த இருமல் வயலின் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எடும்மா, நீ வாசி" என்றேன் மெதுவாக.

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கச்சேரியை அதோடு முடித்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளை அதட்டலாம். ஆனால் அவரவர் பாகத்தை அவரவர்தான் வாசிக்க வேண்டும் என்று அத்தனை நாளாகச் சொன்னவன் நான். பின்வரிசையில் பிள்ளைகள் எல்லாரும் வில்லைத் தூக்கித் தயாராக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை உயர்த்தினேன்.

தனி வயலின் இல்லாத கான்செர்டோவை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இரண்டு சுரம், பிறகு வெறுமை. மறுபடி இரண்டு சுரம், மறுபடி வெறுமை. குணா சொன்னபடியே பிள்ளைகள் ஓட்டவில்லை. அவன் வாசிக்கிற இடத்தை முழுசாக விட்டுவிட்டுத்தான் அடுத்த சுரத்துக்கு வந்தார்கள். மலைப் பிள்ளைகள் அந்த இடைவெளி தங்களுக்குத்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தாளமாகக் கை தட்டி நிரப்பினார்கள். அந்தப் பாகம் அப்படியே முடிந்தது.

வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் சிஸ்டர் எஸ்தரைக் கூப்பிட்டார். "கடைசிப் பாகம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சிஸ்டர். அது குணாவோடது."

"அவன் வரலையே. இப்ப வாசிச்சுக் காட்டு, கேக்கறேன்."

"வேணாம் சிஸ்டர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்றேன்.

"நான் அத வாசிச்சா அவுங்கப்பா சொன்னது நெசமாப் பூடும் சார். எடத்தப் புடிச்சிகினான்னு ஆயிடும். எனக்கு யாரு எடமும் வேணாம்."

நடந்ததையெல்லாம் சிஸ்டரிடம் தனியாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ரோஷமுள்ள பொண்ணுதான் மாஸ்டர். அருமையா வாசிக்குது. ஆனா இங்க சமையல்காரம்மா வரலைன்னா சமைக்கணும், வார்டன் வரலைன்னா கணக்கு சொல்லிக் கொடுக்கணும். இது என்னோடது இல்லைன்னு ஒதுங்கற ஆளை வச்சு நான் ஹாஸ்டல் நடத்த முடியாது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை எஸ்தர் சின்னசேலம் போய்விட்டாள்.

மேடையில் ஒரு பிள்ளை முடியாது என்று தலையாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணத்தில் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலைகள் திறந்த பிறகு குணா வந்தான். "மூணாவது பாகம் யாரு சார் வாசிச்சாங்க?" என்றுதான் முதலில் கேட்டான். யாரும் வாசிக்கவில்லை என்றேன். நாற்காலியையும் துணியையும் பற்றிச் சொன்னேன். பெட்டியைத் திறந்து வயலினைத் தொடாமல் துணியை மட்டும் உருவி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் ஒத்திகைக்கு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோதும் படிக்கணும் சார் என்று சொல்லிவிட்டான்.

அடுத்த வருஷப் பள்ளி விழாவில் அதே கான்செர்டோவைச் சின்னப் பிள்ளைகள் வாசித்தார்கள். நடுவில் தட்டக் கூடாது என்று முன்கூட்டியே மைக்கில் சொல்லியிருந்தேன். முதல் பாகம் முடிந்தது, யாரும் தட்டவில்லை. இரண்டாம் பாகமும் முடிந்தது. வாசித்த சிறுமி கட்டையைச் சட்டைக் கையால் துடைத்து, பக்கத்தில் நின்ற பையனிடம் வயலினைக் கொடுத்தாள். அவன் அப்படியே வாங்கித் தாடையை வைத்தான்.

கூடத்தின் கடைசியில், கதவோரத்தில், யாரோ ஒருவர் மட்டும் கை தட்டினார். எல்லாத் தலையும் திரும்பிற்று. எஸ்தர். மில்லிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மாவு காய்ந்து கை இரண்டும் முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்து மைக்கைக் காட்டினார்.

நான் மைக்கை எடுக்கவில்லை. பிள்ளைகள் வில்லை உயர்த்தியபடி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தட்டி முடிக்கும்வரை மூன்றாம் பாகத்தைத் தொடங்காமல் காத்திருந்தோம்.